ஓட்டை விழுந்த ஸ்டார்ம் ஷெல்டர்: ஒட்டுப் போடறதா, தூக்கிட்டு புதுசு வைக்கறதா?

எங்க வீட்டை வாங்கினப்போ பின்பக்கப் புல்தரைல ஒரு பச்சை இரும்பு மூடி சாய்வா படுத்திருந்துச்சு, நான் செப்டிக் டேங்க்னுதான் நினைச்சேன். திறந்து பார்த்தா செங்குத்தா அஞ்சு படி, உள்ள ரெண்டு பக்கமும் பெஞ்சு, ஒரு ஸ்டார்ம் ஷெல்டர், அதாவது புயல் காத்து அடிக்கும்போது உள்ள இறங்கி ஒளிஞ்சுக்கற இரும்புப் பெட்டி. வித்தவங்க ஓக்லஹோமாக்காரங்க, டொர்னேடோ (சுழல்காத்து) வந்தா மண்ணுக்குள்ள போயிடணும்கறது அவங்க ரத்தத்துலயே ஊறினது போல, அந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டி ஹூஸ்டனுக்கு எடுத்துட்டு வந்து இந்தக் களிமண்ல புதைச்சிட்டாங்க. நம்ம ஊர் கரிசல் மாதிரியேதான் இந்த மண்ணும், மழைல ஊதும், வெயில்ல வெடிக்கும், போதாததுக்கு கொஞ்சம் தோண்டினாலே தண்ணி.

2024 ஜூலை 8 காலைல பெரில்ங்கற ஹரிக்கேன் (கடல்ல இருந்து வர்ற பெரும்புயல்) வந்துச்சு. அஞ்சுல கம்மியான கேட்டகரி 1தான், மட்டகோர்டா பக்கம் கரை ஏறுச்சு, ஆனா ஹூஸ்டன் பக்கம் 20 லட்சத்துக்கும் மேல கனெக்‌ஷன்ல கரண்ட் போச்சு, எங்களுக்கு வர அஞ்சு நாள் ஆச்சு. ஓக் மரத்துக் கிளை ஒண்ணு நேரா ஷெல்டர் கதவு மேல விழுந்து கதவு வளைஞ்சிடுச்சு, மூணு தாழ்ப்பாள்ல மேல் தாழ்ப்பாள் இப்ப மாட்டவே மாட்டேங்குது. உள்ள கெண்டைக்கால் வரைக்கும் தண்ணி. அதைவிட விசித்திரம், பெட்டியோட பின் மூலை ரெண்டு விரக்கடை மேல எழும்பியிருந்துச்சு, புல்லு கிழிஞ்சு ஒரு பிளவு தெரிஞ்சுது. அப்பறம் பாத்துக்கலாம் அப்பறம் பாத்துக்கலாம்னு தள்ளித் தள்ளி, இப்ப ஜூன் 1 பக்கத்துல வந்துடுச்சு, ஹரிக்கேன் சீசன் ஆரம்பிச்சா நவம்பர் 30 வரைக்கும் நிம்மதி கிடையாது. அதனால ஆறேழு வாரமா ஆளுங்களைக் கூப்பிட்டு கொட்டேஷன் வாங்கி நானும் வீட்டுக்காரரும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கோம், எங்களை மாதிரி யோசிச்சிட்டிருக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம், இதை நாங்களே லேட்டாதான் புரிஞ்சுக்கிட்டோம். டொர்னேடோவுக்குச் செஞ்ச ஷெல்டரும் ஹரிக்கேன் ஷெல்டரும் ஒண்ணு இல்ல. காத்தைப் பொறுத்தவரைக்கும் டொர்னேடோ ஷெல்டர்தான் பலசாலி, அது மணிக்கு 250 மைல் காத்துக்கு டிசைன் பண்றது, கேட்டகரி 5 ஹரிக்கேனே 157 மைல்லதான் ஆரம்பிக்குது. சும்மா சொல்லிக்கறதும் இல்ல, 15 பவுண்டு கட்டையை மணிக்கு 100 மைல் வேகத்துல சுவத்து மேலயும் கதவு மேலயும் பீரங்கி மாதிரி அடிச்சுப் பாத்துதான் சர்டிஃபை பண்றாங்க, ஐசிசி 500னு அதுக்கு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு. ஆனா டொர்னேடோ வந்து போறது சில நிமிஷம், அந்த ஷெல்டர்ல ரெண்டு மணி நேரம் இருக்க முடிஞ்சா போதும்னு கணக்கு. ஹரிக்கேனுக்கு 24 மணி நேரம். அதோட ஹரிக்கேன் காத்தை மட்டுமா கொண்டு வருது, தண்ணியைக் கொண்டு வருதே. மண்ணுக்குள்ள இருக்கற பெட்டி காத்துக்குக் கோட்டை, தண்ணிக்கு கிணறு.

"தண்ணிக்கு ஓடு, காத்துக்கு ஒளிஞ்சுக்கோ"னு இங்க ஒரு வசனமே உண்டு. கால்வெஸ்டன் பக்கமோ, பே (விரிகுடா) ஓரமோ, எவாக்குவேஷன் ஜோன்ல (புயலுக்கு ஊரைக் காலி பண்ணச் சொல்ற பகுதில) இருக்கறவங்க இந்தக் கட்டுரையை இதோட நிறுத்திட்டு ஜிப் கோடு போட்டு உங்க ஜோன் என்னன்னு பாருங்க, போகச் சொன்னா போயிடுங்க, கடல் ஏறி வர்ற இடத்துல எந்த ஷெல்டரும் ஷெல்டர் இல்ல. 2008ல ஐக் புயல் வந்தப்போ பொலிவர் பக்கம் வீதி வீதியா வீடே இல்லாம போச்சு. எங்க ஜிப் கோடு எந்த ஜோன்லயும் இல்ல, நாங்க உள்ள தள்ளி இருக்கோம், இங்க எல்லாரும் கிளம்பினா ஜோன்ல இருக்கறவங்களுக்கு ரோடு கிடைக்காது. 2005ல ரீட்டா புயலுக்கு அப்படித்தான் ஆச்சு, ஊரே ஒரே நேரத்துல ஹைவேல ஏறி வெயில்ல மணிக்கணக்கா நின்னு, புயலை விட ஓடினதுலதான் நிறைய பேர் போனாங்க, முதியவங்களை ஏத்திட்டுப் போன பஸ் தீப்பிடிச்சு அதுல மட்டும் 23 பேர். அதனால எங்களுக்கு வீட்டுல இருந்து காத்தைத் தாங்கறதுதான் வழி, மழை மேகத்தோட கூடவே டொர்னேடோவும் இறங்கும்கறதால ஒரு கெட்டியான இடம் தேவை.

சரி, ஒட்டுப் போடற கதைக்கு வரேன். வீட்டுக்காரர் கட்சி இதுதான். "இரும்புதானே, ஓட்டையை அடைச்சு, பட்டி பாத்து, டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது" அப்படின்னு. வந்த வெல்டர் 2,800 டாலர் சொன்னார், புதுக் கதவும் சேத்து. கேக்க நல்லாதான் இருந்துச்சு. நான் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு உள்ள இறங்கி, தண்ணி நின்ன கோடு இருக்குல்ல, அந்தக் கோட்டோரமா தட்டிட்டே வந்தேன், மத்த இடத்துல டங் டங்னு கேட்டது ஒரு மூலைல பொத் பொத்னு கேட்டுச்சு, கொஞ்சம் அழுத்தினேன், ஸ்க்ரூடிரைவர் உள்ள போயிடுச்சு. பின்னாடி ஈரக் களிமண். அப்பறம் இன்னொருத்தர் அல்ட்ராசவுண்ட் மாதிரி ஒரு கருவி வச்சு தகட்டோட கனத்தை அளந்தார். ஆரம்பத்துல 4.8 மில்லிமீட்டர் இருந்த தகடு, மேல் பக்கம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு, தண்ணிக் கோட்டுக்குக் கீழ 2.9, சில இடத்துல அதுவும் இல்ல. துரு உள்ள இருந்து தின்னது கொஞ்சம்தான், வெளிய மண்ணுப் பக்கத்துல இருந்து தின்னதுதான் அதிகம்.

இங்கதான் ஒட்டுப் போடறதோட சிக்கல். உள்ள இருந்து ஒரு தகட்டை வச்சு வெல்டிங் அடிச்சா அந்தச் சூட்டுல மறுபக்கம் மண்ணைத் தொட்டுட்டு இருக்கற கோட்டிங் கருகிடும், அந்தப் பக்கத்துக்குப் போய் மறுபடி பூச உங்களுக்குக் கை எட்டாது, ஆக எங்க ஒட்டுப் போட்டீங்களோ அதைச் சுத்தியே அடுத்த துரு ஆரம்பிக்கும். ரெண்டு மூணு வருஷத்துல மறுபடி ஸ்க்ரூடிரைவர். இதுல இன்னொண்ணு, மண்ணுக்குள்ள அடைசலான பெட்டில வெல்டிங் பண்றது விளையாட்டு இல்ல, கால்வனைஸ்டு தகடா இருந்தா அந்தப் புகை ஆளைக் காய்ச்சல்ல படுக்க வச்சிடும், ஃபேன் வச்சு காத்து ஓட்டாம யாராவது இறங்கறேன்னு சொன்னா அவரை அனுப்பிடுங்க.

ஆனா எல்லாருக்கும் ஒட்டு வேண்டாம்னு சொல்ல மாட்டேன். பெட்டி நல்லா இருந்து கதவு மட்டும் போயிருந்தா ரிப்பேர்தான் சரி, யோசிக்கவே வேண்டாம். கதவுல ஒரே ஒரு கண்டிஷன்: கதவு, சட்டம், கீல், தாழ்ப்பாள் எல்லாம் சேத்து ஒரே செட்டாதான் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, கதவை ஒரு கடைல வாங்கி தாழ்ப்பாளை ஹார்ட்வேர் கடைல வாங்கிப் பூட்டினா அந்த சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இல்ல. வளைஞ்ச கதவை சுத்தியலால நிமித்தறதும் அப்படித்தான். உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல கம்பெனி பேரும் மாடலும் பாத்து அவங்ககிட்டயே செட்டா கேளுங்க. எங்க ஷெல்டர் செஞ்ச கம்பெனியை இழுத்து மூடி பல வருஷமாச்சாம், அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

கான்கிரீட் ஷெல்டர் வச்சிருக்கறவங்களுக்கு வேற கணக்கு. விரிசல்ல தண்ணி கசிஞ்சா ரெண்டு விதமா ஊசி போடறாங்க, பாலியூரித்தேன் ஒண்ணு, எபாக்ஸி ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி ஏமாத்துவாங்க. பாலியூரித்தேன் ஈரத்துலயே நுரைச்சு வீங்கி ஓட்டையை அடைக்கும், தண்ணி நிக்கும், ஆனா உடைஞ்ச சுவர் உடைஞ்ச சுவர்தான், பலம் திரும்ப வராது. எபாக்ஸி ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு ஒட்டும், ஆனா பொதுவா விரிசல் காஞ்சிருக்கணும். முடி மாதிரி விரிசல்னா முதல்து போதும், ஒரு பக்கம் முன்னால ஒரு பக்கம் பின்னால தள்ளியிருக்குன்னா, இல்ல பழுப்பா கறை வடிஞ்சு கம்பி துருப்பிடிச்சது தெரியுதுன்னா எஞ்சினியர் பாக்காம ஊசி போடாதீங்க. துரு ஊதி ஊதி கான்கிரீட்டை உள்ள இருந்து வெடிக்க வைக்கும்.

ரெண்டாவது வழி, பெட்டியைத் தோண்டி வெளிய எடுத்து, கிரவுண்டு லெவலைச் சரி பண்ணி, புதுப் பெட்டியை வச்சு கான்கிரீட் போட்டு இறுக்கறது. இதுக்கு ஏன் கான்கிரீட்னு எனக்குப் புரியல, கொட்டேஷன்ல பாதி அதுக்கே போகுதேன்னு கேட்டேன், கொட்டேஷன் கொடுத்தவர் ஒரு அட்டைல கணக்குப் போட்டுக் காட்டினார். எங்க பெட்டி 4 அடி அகலம், 7 அடி நீளம், 5 அடி ஆழம், 140 கன அடி. ஒரு கன அடி தண்ணி 62.4 பவுண்டு. மண்ணு முழுக்க நனைஞ்சு தண்ணி மேல வரைக்கும் வந்துட்டா அந்தப் பெட்டியைக் கீழ இருந்து 8,700 பவுண்டு தூக்கும், பெட்டியோட எடை ஸ்டிக்கர்ல 1,800தான். மிச்சம் 6,900 பவுண்டை எது பிடிச்சு வச்சிருக்கு? மேல இருக்கற கொஞ்சம் மண்ணும் சுத்தி உரசற களிமண்ணும்தான், களிமண் ஊறிக் கொழகொழன்னு ஆனா அதுவும் விட்டுடும். பின் மூலை எழும்பினதுக்கு அதுதான் காரணம், கப்பல் மாதிரி மிதக்கப் பாத்திருக்கு. உள்ள தண்ணி புகுந்ததுதான் அன்னைக்கு அதை முழுசா வெளிய வராம பிடிச்சிருக்கு, ஓட்டையை மட்டும் அடைச்சிருந்தா அடுத்த மழைக்கு ஜாலியா மேல வந்திருக்கும்! இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பாக்கணும். அதைத் தண்ணிக்குள்ள பிடிச்சு வைக்க சுமார் 3 கன கெஜம் கான்கிரீட் வேணும், தோண்டற மெஷின் பின்பக்கம் வர வேலியைப் பிரிக்கணும், மொத்தம் 9,500 டாலர் சொன்னார். இந்த மண்ணுக்கு இவ்வளவு செலவு பண்ணியும் மழை நாள்ல மழைல நனைஞ்சுட்டு ஓடி கதவைத் திறக்கணும். என் மாமியார் வருஷத்துல ஆறு மாசம் எங்ககூட இருப்பாங்க, ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு, அந்த அஞ்சு படியைப் பாத்துட்டு "என்னை மேலயே விட்டுட்டு நீங்க போங்கம்மா"ன்னாங்க. எனக்கு அங்கேயே ரெண்டாவது வழி செத்துப் போச்சு.

மூணாவது, கராஜுக்குள்ள தரைக்கு மேல நிக்கற ஸ்டீல் ரூம். தரைக்கு மேல இருக்கறது பாதுகாப்பான்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதே ஸ்டாண்டர்டு அதே டெஸ்ட்தான், சரியா போல்ட் அடிச்சிருந்தா மண்ணுக்குள்ள இருக்கறதுக்கு இது இளைச்சது இல்ல. விஷயம் முழுக்க அந்தப் போல்ட்டுலதான். எங்க கராஜ் தரைல ஒரு மூலைல முத்திரை குத்தியிருக்கு, போஸ்ட் டென்ஷன் ஸ்லாப், வெட்டாதே துளைக்காதேன்னு, இத்தனை வருஷமா அது மேலதான் சைக்கிளை நிறுத்தியிருக்கோம். ஹூஸ்டன்ல களிமண்ணுக்காகப் புது வீடுகள்ல பெரும்பாலும் இந்த ஸ்லாப்தான், உள்ள ஸ்டீல் கேபிளை இழுத்து விறைப்பா வச்சிருப்பாங்க, ட்ரில் அந்தக் கேபிள்ல பட்டு அறுந்தா அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளிய வரும், ஸ்லாப்பும் போச்சு. முதல்ல வந்த சேல்ஸ் ஆள் இதைப் பத்தி வாயே திறக்கல, நானே முத்திரையைக் காட்டினேன், "பாத்துப் பண்ணிடுவோம்"னார், பாத்து எப்படிப் பண்ணுவீங்கன்னா பதில் இல்ல. ரெண்டாவது வந்தவங்க ரேடார் வச்சு தரையை ஸ்கேன் பண்ணி கேபிள் போற வழியை சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுத்தான் விலையே சொன்னாங்க. ஸ்கேனுக்குத் தனியா 450. கொடுத்தேன்.

அடுத்த ஏமாத்து சைஸ்ல. 4க்கு 6 அடி ரூமைக் காட்டி எட்டு பேர் தாராளமா இருக்கலாம்னாங்க. பொய்னு சொல்ல முடியாது, வீட்டு ஷெல்டர்ல டொர்னேடோவுக்கு ஆளுக்கு 3 சதுர அடி கணக்கு, 24ஐ 3ஆல வகுத்தா எட்டு. ஆனா ஹரிக்கேனுக்கு ஆளுக்கு 7 சதுர அடி, அப்ப மூணு பேருக்குத்தான் இடம், நாங்க மாமியாரோட சேத்து அஞ்சு பேர், 35 சதுர அடி வேணும். 6க்கு 6 எடுத்தா சரியா இருக்கும், விலை 5,600ல இருந்து 7,400க்குத் தாவுது, ஒரு கார் நிரந்தரமா வெளிய நிக்கும். கதவு உள்பக்கம் திறக்கறதா பாத்து வாங்குங்க, வெளிப்பக்கம் திறக்கற கதவு முன்னால அலமாரியோ காரோ வந்து நின்னுடுச்சுன்னா உள்ளேயே மாட்டிப்பீங்க. கராஜ் தரை வீட்டுத் தரையை விடத் தாழ்வா இருக்கும்கறதையும் மறந்துடாதீங்க, ஃபெமாவோட (அமெரிக்க அரசோட பேரிடர் துறை) வெள்ள மேப்புல உங்க இடம் என்னன்னு பாக்காம கராஜ்ல ரூம் வைக்கக் கூடாது. 2017 ஹார்வி புயலுக்கு எங்க தெருல தண்ணி நடைபாதையோட நின்னுடுச்சுன்னு எதிர்வீட்டுத் தாத்தா கை வச்சுக் காட்டினார், மேப்பும் அதையேதான் சொல்லுது, அதனால தைரியமா இறங்கினேன். கராஜுக்குள்ள தண்ணி வந்த வீடா இருந்திருந்தா இந்த வழியே கிடையாது.

நாலாவது, வீட்டுக்குள்ளயே ஒரு க்ளாசெட்டை ஷெல்டரா மாத்தறது. ஃபெமா பி-320ங்கற கையேட்டுல இதுக்கு பிளானே இலவசமா கிடைக்கும், மரச் சட்டத்தை இரட்டையா வச்சு, முக்கால் இஞ்ச் பிளைவுட் ரெண்டு அடுக்கு, அதோட 14 கேஜ் ஸ்டீல் தகடு, அடியில ஸ்லாப்போட ஆங்கர், அதே டெஸ்ட் பண்ணின கதவு. கை வேலை தெரிஞ்சவங்களுக்கு இதுதான் ஆசை காட்டற வழி, மாமியார் மாதிரி ஆளுக்கும் பெட்ரூம்ல இருந்து பத்து அடி நடந்தா போதும், மழைல நனைய வேண்டாம். வீடு புதுசா கட்டறவங்க கண்ண மூடிட்டு இதைப் பண்ணுங்க. கட்டி முடிச்ச வீட்டுல ஜிப்சத்தைப் பிரிச்சு, ஒயரிங்கை மாத்தி, ஷெல்டரோட கூரையை வீட்டுக் கூரையோட ஒட்டாம தனியா நிக்க வைக்கணும், வீடு பிச்சுக்கிட்டுப் போனாலும் அது மட்டும் நிக்கணும்ல. நாங்க கேட்ட காண்ட்ராக்டர் மூணு மாசம் கழிச்சுதான் வர முடியும்னார். செப்டம்பர் 10ஐ ஒட்டிதான் சீசன் உச்சத்துல இருக்கும், அப்பப் பாத்து வீட்டுச் சுவரைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கணுமா?

ஷெல்டரே வேண்டாம், அந்தக் காசுல கராஜ் கதவை பலமாக்கி ஜன்னலுக்கு ஷட்டர் போடலாம்னு என் தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னார். தப்பில்ல. காத்து வீட்டை உடைக்கறது பெரும்பாலும் கராஜ் கதவு வழியாத்தான், அது உள்ள பிதுங்கினா காத்து உள்ள புகுந்து கூரையைக் கீழ இருந்து தூக்கும். ஆனா அது வீட்டைக் காப்பாத்தற செலவு, ஆளைக் காப்பாத்தற செலவு வேற. எங்களால முடிஞ்சா ரெண்டும் பண்ணுவோம், ஒண்ணுதான் முடியும்னா ரூம் முதல்ல.

பணம் விஷயம் ரெண்டு வார்த்தை. ஃபெமா பணம் வந்து மாநிலம் வழியா சில கவுண்டில ஷெல்டருக்கு மானியம் தருவாங்க, ஆனா அனுமதி வர்றதுக்கு முன்னாடி வேலையை ஆரம்பிச்சுட்டா காசு கிடையாது, எங்க தெருல ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டு அப்பறம் அப்ளை பண்ணி கையைச் சுட்டுக்கிட்டார். வெள்ள இன்சூரன்ஸ் இல்லாதவங்க இன்னைக்கே போன் பண்ணுங்க, அரசாங்க பாலிசிக்குப் பொதுவா 30 நாள் காத்திருக்கணும், புயல் கடல்ல இருக்கும்போது வாங்கினா பிரயோஜனம் இல்ல. டெக்சஸ்ல ஏப்ரல் கடைசில ஒரு வாரக் கடைசிக்கு பேட்டரி, டார்ச், 3,000 டாலருக்குள்ள ஜெனரேட்டர் இதுக்கெல்லாம் சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, நாங்க ஜெனரேட்டர் அப்பதான் வாங்கினோம். கராஜ்ல ஷெல்டர் வச்சுட்டு அதே கராஜ்ல ஜெனரேட்டரை ஓட்டிடாதீங்க, கதவு திறந்திருந்தாலும் சரி, அந்தப் புகைல வர்ற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்ற விஷ வாயு, அதுக்கு வாசனையே கிடையாது.

ஆக நாங்க எடுத்தது 6க்கு 6, மே 19ல வந்து மாட்டறாங்க. பழைய பெட்டியை அப்படியே மூடிப் பூட்டிட்டு விட்டுடலாம்னு வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் சொல்லிப் பாத்தார், பையன் வேற அதை கேம் ரூம் ஆக்கலாம்னு அப்பாவோட சேந்துக்கிட்டான். காலியா விட்டா மறுபடி மிதக்கும், யாராவது கால் வச்சு உள்ள விழுந்தாலும் போச்சு. அதனால அடித்தகட்டுல நாலு இடத்துல பெருசா ஓட்டை போட்டு, தண்ணி இறங்க வழி விட்டு, மணலைக் கொட்டி நிரப்பி, மேல ஒரு அடி மண்ணு போடச் சொல்லியிருக்கோம், 1,100 டாலர். பெஞ்சு ரெண்டையும் மட்டும் அறுத்து எடுத்துத் தரச் சொல்லிட்டேன், நல்ல பெஞ்சு, துருவே இல்ல, புது ரூம்ல மாமியாருக்கு உக்கார ஆகும்.